வைக்கோலும் நுண்கரியும்

ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கும் காலத்தில், தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு விருந்தாளி தவறாமல் வந்து சேருகிறது. அழையாமல் வரும் அவ்விருந்தாளியின் பெயர் புகை. காலையில் எதிர்வரிசை வீடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதியோர் இருமுகின்றனர். காற்று மிகவும் கெட்டுவிட்டால் பள்ளிக்கூடங்களை மூடிவிடுகின்றனர். ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையர், "இந்தக் காற்றையா சுவாசித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, திரும்பும் டிக்கெட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றனர்.

இப்புகைக்குக் காரணங்கள் பல. மோட்டார் வண்டிகள், ஆலைகள், கட்டட வேலைகளில் எழும் தூசி முதலியன ஆண்டு முழுவதும் உள்ளவை. அவற்றோடு அக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும், பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கப்படும் நெல் வைக்கோலின் புகையும் வந்து கலக்கிறது. இதன் பங்கு நாளுக்கு நாள் மாறும். வடமேற்குக் காற்று வீசும் சில நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும் தொடும். வேறு சில நாள்களில் மிகச் சொற்பமாக இருக்கும்.

இந்த வைக்கோலையும் இதைப் போன்ற பிற வேளாண் கழிவுகளையும் கொண்டு மிக விலையுயர்ந்த நுண்கரிப் பொருள்களைச் செய்யலாம் என்னும் செய்தி இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. "அப்படியானால் ஏன் எரிக்கிறார்கள்?" என்று நம் இல்லத்துக் குழந்தைகள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. இதை எழுதுபவன் விஞ்ஞானி அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பொருள்களின் எடையையும் தூரத்தையும் பதிவு செய்துகொண்டிருக்கும் ஒரு குமாஸ்தா. ஆயினும் இவ்விஷயத்தில் ரசாயனத்துக்கு எவ்வளவு இடமுண்டோ அவ்வளவு இடம் எடைக்கும் தூரத்துக்கும் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

எரிப்பவர் யார்? ஏன்?

தஞ்சைத் தரணியிலோ நெல்லைச் சீமையிலோ பிறந்தவர்களுக்கு வைக்கோலை எரிப்பது என்பதே புதிராகத் தோன்றும். நம் ஊர்களில் வைக்கோற்போர் வீட்டின் செல்வத்துக்கு அடையாளம். மாட்டுக்குத் தீனி, கூரைக்கு வேய்ச்சல், பழத்துக்குப் படுக்கை என்று அதற்கு ஆயிரம் வேலை உண்டு. பஞ்சாபில் நிலைமை வேறு. அங்கே மாடுகளுக்குக் கோதுமைத் தாளை நறுக்கிப் போடுவதே வழக்கம். நெல் வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுந்திருப்பதால் அதை அவர்கள் விரும்புவதில்லை.

அறுவடையும் அரிவாளால் நடப்பதில்லை. பெரிய இயந்திரம் கதிரை மட்டும் கொய்துகொண்டு, அரிதாளை நிற்கவிட்டு, வைக்கோலை வயலிலேயே சிதறிவிட்டுப் போய்விடுகிறது. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் அரசு 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் மாதத்தில் குறித்த ஒரு தேதிக்கு முன்னர் நாற்று நடக்கூடாது என்பது அச்சட்டம். நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமையையோ நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தாக வேண்டும். தாமதமானால் விளைச்சல் குன்றும். ஆக, நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையே உழவனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. அதற்குள் வயலைச் சுத்தம் செய்ய ஆளும் இயந்திரமும் கூலியும் வேண்டும். தீக்குச்சிக்கு அவ்வளவு செலவில்லை.

பஞ்சாபில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் உண்டாகிறது. ஒரு டன் வைக்கோலை எரித்தால் சுமார் 3 கிலோ நுண்துகளும், 60 கிலோ கார்பன் மோனாக்சைடும், 1,460 கிலோ கரியமிலவாயுவும் காற்றில் கலக்கும் எனக் கணக்கிட்டிருக்கின்றனர். மண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டிய தழைச்சத்தும் பெரும்பகுதி தீயிலேயே போய்விடுகிறது.

கரியின் குடும்பம்

இனி, நுண்கரி என்பது யாது எனக் காண்போம். வைரம், பென்சிலில் உள்ள கிராஃபைட்டு, அடுப்புக் கரி ஆகிய மூன்றும் கார்பன் என்னும் ஒரே மூலப்பொருளின் வெவ்வேறு வடிவங்கள் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் முறைதான் வேறு.

இக்குடும்பத்தில் வேறு பிள்ளைகளும் உண்டு என்பது 1985இல் தெரிய வந்தது. ஹரால்டு குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்டு ஸ்மாலி ஆகியோர் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்து கால்பந்து போல் உருண்டு நிற்கும் ஃபுல்லரீனைக் கண்டனர். 1996இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ ஈஜிமா, கார்பன் ஏடு சுருண்டு குழாயாகி நிற்கும் நுண்குழாய்களை விவரித்தார். 2004இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும், நாம் கடிதம் ஒட்டப் பயன்படுத்தும் ஒட்டுநாடாவைக் கொண்டே கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு கனமுள்ள ஏட்டை உரித்தெடுத்தனர். அந்த ஏட்டுக்குக் கிராஃபீன் என்று பெயர். 2010ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவ்விருவருக்கும் அளிக்கப்பட்டது. அதே 2004இல், அமெரிக்காவில் நுண்குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஒளியூட்டினால் தாமும் ஒளிரும் மிகச் சிறு கார்பன் புள்ளிகள் தற்செயலாக அகப்பட்டன.

இவற்றின் அளவை நானோமீட்டரால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கிராஃபைட்டை ஓலைச்சுவடிக்கு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள சுவடியில் சுமார் 30 லட்சம் ஏடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஓர் ஏட்டைத் தனியே எடுத்தால் அதுவே கிராஃபீன்.

இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன்? பொருள் சிறுத்தால் அதன் மேற்பரப்பு பெருகும். ஒரு கிராம் கிராஃபீனை முற்றும் விரித்தால் அதன் இரு பக்கமும் சேர்ந்து 2,600 சதுர மீட்டருக்கு மேலாகும். நம்மவர்க்குப் புரியும் கணக்கில் சொன்னால், பதினொரு கிரவுண்டு மனைக்கும் அதிகம். நீரிலுள்ள நஞ்சைப் பற்றிக்கொள்ளவும், மின்சாரத்தைச் சேமிக்கவும், மேற்பரப்புதான் வேண்டும். சிறுமையின் பெருமை இதுவே.

வயலிலிருந்து உலைக்கு

செடி கொடிகள் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து, சூரிய ஒளியின் துணையால் தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. எனவே உலர்ந்த வைக்கோலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கார்பன்தான். எஞ்சியவை பெரும்பாலும் பிராணவாயு, ஜலவாயு, சிலிக்கா முதலியன. இவற்றை விலக்கிக் கார்பனை மட்டும் நிறுத்திக்கொள்வதே முதல் வேலை.

அவ்வேலை நமக்குப் புதிதன்று. இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி மூடி, சிறு துளைகள் மட்டும் விட்டுக் கரிமூட்டம் போடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். காற்று தாராளமாகக் கிடைத்தால் விறகு சாம்பலாகிவிடும். காற்றைக் கட்டுப்படுத்தினால் கரியாக நிற்கும். ஆராய்ச்சிசாலையில் நடப்பதும் இதுவே. காற்றுப் புகாத உலையில் வைக்கோலையோ உமியையோ 400 முதல் 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியாக்குகின்றனர்.

அடுத்தது, கரியை நுண்கரியாக்கும் வேலை. இதற்கு வழிகள் பல. மூன்றை மட்டும் கூறுவேன்.

முதலாவது, கார வழி. கரியுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரத்தைக் கலந்து சுமார் 850 டிகிரிக்குச் சூடேற்றினால், காரம் கரியைக் குடைந்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறது, ஏடுகளும் பிரிகின்றன. ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் 2014இல் நெல் உமியிலிருந்து இவ்வாறு கிராம் கணக்கில் கிராஃபீன் செய்து காட்டினர். அதில் ஒரு நயம் உண்டு. உலையில் காற்றுப் புகுந்து கரியை எரித்துவிடாதபடி மேலே மூடி வைத்த காப்பும் உமியின் சாம்பலே. உமியே மூலப்பொருள், உமியே காவல்.

இரண்டாவது, அழுத்த வழி. நம் சமையலறைக் குக்கரில் நீர் 120 டிகிரி வரை சூடாகிறது. அதனால் பருப்பு விரைவில் வேகிறது. அதைவிடப் பன்மடங்கு வலிமையான எஃகுப் பாத்திரத்தில் நீரையும் கழிவையும் இட்டு மூடி, 180 முதல் 250 டிகிரி வரை பல மணி நேரம் வேகவைத்தால், கழிவு பழுப்பு நிலக்கரி போல் ஆகிவிடுகிறது. பூமிக்குள் நிலக்கரி உருவாவதை ஆராய்ச்சிசாலையில் நிகழ்த்திக் காட்டவே ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் பெர்கியுஸ் 1913இல் இம்முறையைக் கையாண்டார். இதில் மிஞ்சும் நீரிலிருந்து ஒளிரும் கார்பன் புள்ளிகளைப் பிரித்தெடுக்கலாம். ஈரமான கழிவையும் உலர்த்தாமல் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு.

மூன்றாவது, மின்வெட்டு வழி. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் (பெயரில் மட்டுமே அரிசி, வேறு சம்பந்தமில்லை) ஜேம்ஸ் டூர் என்பவரின் குழு 2020இல் இதனை வெளியிட்டது. கரித்தூளின் ஊடே பெருமின்சாரத்தை ஒரு கணம் பாய்ச்சினால், ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் சுமார் 2,700 டிகிரிச் சூடு ஏறி, கரி கிராஃபீனாக மாறிவிடுகிறது. நிலக்கரி, உணவுக் கழிவு, பழைய டயர், தாவரக் கரி ஆகிய எல்லாவற்றிலும் அவர்கள் இதைச் செய்து பார்த்தனர். உலையும் காரமும் இதற்குத் தேவையில்லை.

முன்னோர் அறியாமல் செய்தவை

இங்கே நம் நாட்டுச் செய்திகள் இரண்டைக் குறிப்பிடுவது பொருந்தும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கருநிறப் பூச்சில் கார்பன் நுண்குழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வெளியிட்டனர். அவ்வோடுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கூறப்பட்டுள்ளது. பூச்சில் சேர்த்த ஏதோ ஒரு தாவரச் சாறு சூளையின் வெப்பத்தில் இவ்வாறு மாறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அதற்கு முன், 2006இல், பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நுண்குழாய்களைக் கண்டதாக ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். அவ்வகை வாள்களுக்கு உருக்கு சென்றது இந்தியாவிலிருந்து. தென்னாட்டில் உருக்குச் செய்த மூசைகளில் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் இட்டு மூடினர். மூசையின் களிமண்ணிலேயே உமியைக் கலந்து பிசைந்தனர்.

இவற்றை வைத்து, "எல்லாம் நம்மவர் அன்றே அறிந்ததுதான்" என்று மார்தட்டுவது முறையன்று. அவர்கள் அறிந்தது நல்ல பானையும் நல்ல வாளும் செய்யும் கைத்திறன். நானோமீட்டர் அவர்கள் கண்ணுக்கு எட்டியதில்லை. ஆனால் தழையும் உமியும் நெருப்பும் சேர்ந்தால் நுண்கரி பிறக்கும் என்பதற்கு அவர்கள் வேலை சாட்சியாக நிற்கிறது. நம் பாட்டிமார் விளக்குச் சுடரில் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துச் சேர்த்த கண்மைக் கரியிலும் நானோ அளவுத் துகள்கள் உண்டு. மெழுகுவத்திக் கரியிலிருந்து ஒளிரும் கார்பன் புள்ளிகளைப் பிரித்ததாக அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2007இல் எழுதியிருக்கின்றனர்.

தில்லிப் புகையில் நம் நுரையீரலை உறுத்துவதும் இத்தகைய நுண்துகளே என்பதை மறக்கக்கூடாது. உலைக்குள் அடைபட்டால் செல்வம். காற்றில் கலந்தால் நோய். நுண்குழாய்களிலும் ஒருவகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2014இல் சேர்த்தது. ஆகவே இப்பொருள்களைச் செய்யும் தொழிலாளரின் மூச்சுக்கும் காவல் வேண்டும்.

எதற்குப் பயன்படும்?

பயன்கள் பல கூறப்படுகின்றன. அவற்றுள் உறுதியானவை சில. துளை மிகுந்த கரி, நீரிலுள்ள சாயத்தையும் நஞ்சையும் பற்றும். வீட்டு நீர்வடிகட்டியில் உள்ள கரி இவ்வினத்தைச் சேர்ந்ததே. மின்சாரத்தை நொடியில் ஏற்றி நொடியில் இறக்கும் மின்தேக்கிகளுக்கும் இது உகந்தது. சோடியம் மின்கலத்துக்கு வேண்டிய 'கடினக் கரி' மற்றொன்று. இன்றைய மின்கலங்களில் உள்ள லிதியம் அரிதாகக் கிடைப்பது. சோடியமோ உப்பிலேயே உள்ளது. ஆனால் சோடியம் அணு பெரிது. கிராஃபைட்டு ஏடுகளின் இடுக்கில் அது எளிதில் அடங்காது. ஏடுகள் ஒழுங்கின்றிக் கலைந்து கிடக்கும் கடினக் கரியில் அது இடம் பிடித்துக்கொள்ளும். அத்தகைய கரியைத் தாவரப் பொருள்களிலிருந்து செய்ய முடியும் என்பது நிலைபெற்ற உண்மை.

சரக்குக் கணக்கு

இத்தனையும் கைகூடும் என்றால் வைக்கோல் ஏன் இன்னும் எரிகிறது? இங்கேதான் ரசாயனத்தை விட்டுவிட்டு எடைக்கும் தூரத்துக்கும் வருகிறோம்.

சரக்கு அலுவலகத்தில் முதலில் கற்கும் பாடம், ஒரு பொருளின் எடை வேறு, அது அடைக்கும் இடம் வேறு என்பது. நிலக்கரி ஏற்றும் திறந்த சரக்குப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 56 கன மீட்டர். ஏற்றக்கூடிய எடை சுமார் 58 டன். நிலக்கரியை நிரப்பினால் இடமும் எடையும் ஏறக்குறைய ஒன்றாக நிறையும். வைக்கோல் அப்படியன்று. கட்டாத வைக்கோல் ஒரு கன மீட்டர் எடுத்தால் 100 கிலோவும் தேறாது. அதே பெட்டியில் வைக்கோலை விளிம்பு வரை அடைத்தாலும் ஐந்தரை டன்னைத் தாண்டாது. 58 பெட்டி கொண்ட ஒரு வண்டி நிலக்கரி ஏறத்தாழ 3,360 டன்; அதே வண்டி வைக்கோல் 320 டன்னே. என்ஜினும் பாதையும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். போய்ச் சேரும் சரக்கோ பத்தில் ஒரு பங்கு.

இயந்திரத்தால் இறுக்கிக் கட்டினால் அடர்த்தி கூடும். அரைத்து, அழுத்தி, குச்சிகளாகத் திரட்டினால் ஒரு கன மீட்டர் 600 கிலோ வரை வரும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் இயந்திரம், எரிபொருள், கூலி வேண்டும். இவ்வளவையும் மூன்று வாரத்துக்குள் முடிக்கவும் வேண்டும். 2 கோடி டன்னை, நடைக்கு 10 டன் வீதம் லாரியில் எடுத்தால் 20 லட்சம் நடை. எடுத்தபின், மழையிலும் தீயிலும் கெடாமல் ஆண்டு முழுவதும் வைக்க இடம் தேட வேண்டும்.

ஹரியானாவின் பானிப்பட்டில், வைக்கோலிலிருந்து எத்தனால் செய்யும் இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால் செய்வது அதன் திட்டம். மிகப் பெரிய ஆலைதான். ஆயினும் பஞ்சாப் வைக்கோலோடு ஒப்பிட்டால் 2 லட்சம் டன் என்பது நூற்றில் ஒரு பங்கு. எத்தனால் ஆலைக்கே கணக்கு இப்படியென்றால், கிராமிலும் கிலோவிலும் விற்கப்படும் கிராஃபீனுக்கு எவ்வளவு வைக்கோல் வேண்டியிருக்கும்? நுண்கரி ஒன்றே இப்புகையை அணைத்துவிடும் என எதிர்பார்ப்பது, ஊர் வெள்ளத்தைச் செம்பில் மொண்டு வடிக்கப் பார்ப்பதாகும்.

இன்னொரு செலவும் உண்டு. வைக்கோலிலும் உமியிலும் உள்ள சிலிக்காவை நீக்கக் காரம் வேண்டும். கரியைக் குடையவும் கரியின் எடையைப் போல் பல மடங்கு காரம் வேண்டும். பிறகு அதைக் கழுவ அமிலமும் நீரும் வேண்டும். கழுவிய நீரைக் கால்வாயில் விட்டால், காற்றைக் காத்து நீரைக் கெடுத்தவர்களாவோம். காரத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தவும், பிரித்த சிலிக்காவை விற்கவும் வழி செய்தால்தான் தொழில் நிற்கும்.

கொட்டாங்கச்சி கற்பித்த பாடம்

வேளாண் கழிவு விலைபெற்றதற்கு நம் கண்முன்னே உள்ள எடுத்துக்காட்டு தேங்காய்ச் சிரட்டை. ஒரு காலத்தில் வெந்நீர் அடுப்பில் எரிந்த கொட்டாங்கச்சி, இன்று பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் விலை கொடுத்து வாங்கப்படுகிறது. அதன் கரியைக் கொண்டு செய்யும் துளைக்கரி வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

சிரட்டைக்குக் கிடைத்த வாழ்வு வைக்கோலுக்குக் கிடைக்காததற்குக் காரணம் மூன்று. சிரட்டை கனமானது, சிறிய இடத்தில் மிகுந்த எடை அடங்கும். அது கொப்பரைக் களத்தில் ஏற்கனவே ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. தேடித் திரட்ட வேண்டியதில்லை. அதில் சாம்பல் மிகக் குறைவு. வைக்கோல் இம்மூன்றிலும் நேர் எதிர்.

இப்பாடத்தைக் கொண்டு பார்த்தால், நுண்கரித் தொழில் முதலில் காலூன்ற வேண்டிய இடம் வயலன்று, அரிசி ஆலை என்பது விளங்கும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. 2022-23இல் நம் நாட்டில் 13 கோடியே 57 லட்சம் டன் அரிசி விளைந்தது. அதற்குரிய உமி சுமார் 4 கோடி டன். அது ஆலை வாசலிலேயே குவிகிறது. பெரும்பகுதி கொதிகலனில் எரிந்து, ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. சரியாக எரியாத சாம்பலில் கார்பனும் கலந்திருக்கும். அச்சாம்பலைக் கொட்ட இடமின்றி ஆலைக்காரர்கள் தவிப்பதும் உண்டு. கார்பனையும் சிலிக்காவையும் ஒருங்கே எடுக்கும் தொழிலுக்கு இதைவிட வாய்ப்பான களம் வேறில்லை.

வைக்கோலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதன் பெரும்பகுதியை வயலிலேயே விட்டு, அதனூடே கோதுமையை விதைக்கும் இயந்திரங்கள் பஞ்சாபில் பயன்பட்டு வருகின்றன. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு தாவரக் குச்சிகளையும் கலந்து எரிக்க வேண்டுமென்று 2021இல் மத்திய அரசு விதித்தது. எஞ்சியதைக் கிராமத்திலேயே, புகை வெளியேறாத உலையில் கரியாக்கினால் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வேறிடம் கொண்டுபோகும் சுமை இறங்கும். கரி மழையில் அழுகவும் அழுகாது. அக்கரியில் பெரும்பகுதி நிலத்துக்கு உரமாகத் திரும்பலாம். தேர்ந்த சிறு பகுதி நகரத்து ஆலைக்குச் சென்று நுண்கரியாகலாம். முதல் வேலை கிராமத்தில், நுண்ணிய வேலை நகரத்தில் என்று பிரித்துக்கொண்டால் சரக்குக் கணக்கு ஒருவாறு சரிக்கட்டும்.

நாம் செய்யக்கூடியது

புகைமூட்டக் காலத்தில் உழவர்களைத் திட்டுவது நம் வட்டாரங்களில் வழக்கமாகிவிட்டது. முதலில் புகையைச் சுவாசிப்பவர்கள் அவ்வயலோரத்துக் குழந்தைகளே. ஒரு கட்டு வைக்கோலுக்குக் கட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் போக நாலு காசு மிஞ்சுமானால், எந்த உழவரும் தீ வைக்க மாட்டார். அந்த நாலு காசை மிஞ்சச் செய்வதே இவ்விஷயத்தின் உயிர்நிலை.

நம் இல்லங்களில் ரசாயனமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். "கழிவிலிருந்து கிராஃபீன்" என்று இனி ஒரு செய்தி வரும்போது, வியப்போடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி அவர்களுக்குச் சொல்வோம். இம்முறை ஆண்டுக்கு எத்தனை டன் கழிவைத் தின்னும்? அந்தக் கழிவை யார், எவ்வளவு தூரம், என்ன கூலிக்குக் கொண்டு வருவார்? கழுவிய நீர் எங்கே போகும்? மூன்றுக்கும் விடை உள்ள முறையே வயலுக்கு வந்து சேரும்.

வைக்கோலிலிருந்து நுண்கரி எடுக்க முடியுமா என்னும் கேள்விக்கு ஆராய்ச்சிசாலை விடை சொல்லிவிட்டது. மீதமிருப்பது வயலுக்கும் உலைக்கும் இடையிலுள்ள பத்து இருபது கிலோமீட்டர் தூரம். அதைக் கடக்க நல்ல கட்டு இயந்திரம், மலிவான சிறு உலை, காரத்தை மீட்கும் தொட்டி ஆகியவை வேண்டும். பரிசு பெறாத வேலைகள்தாம். ஆனால் ஐப்பசி மாதக் காலைகளில் எதிர்வரிசை வீடுகள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், நம் பிள்ளைகளில் சிலர் இவ்வேலைகளையும் மேற்கொள்ள வேண்டும்.